ஆறாவது ஆல்பத்தில் ‘புதிய கலைஞர்’: சப்ரீனா கார்ப்பென்டருக்குத் தொலைக்காட்சி கொடுத்தது என்ன?

பழைய கேசட் (இந்த இணைய விவாத இழையைத் தொடங்கியவர்)

2025 பிப்ரவரியில் நடந்த 67ஆவது கிராமி விழாவில் ‘சிறந்த புதிய கலைஞர்’ பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் சப்ரீனா கார்ப்பென்டரும் ஒருவர். அவருடைய முதல் ஆல்பம் 2015இல் வந்தது. பரிந்துரைக்குக் காரணமான ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ அவருக்கு ஆறாவது ஆல்பம். அந்த விருது சாப்பல் ரோனுக்குப் போய்விட்டது என்றாலும், சிறந்த பாப் ஆல்பத்துக்கான விருதும், ‘எஸ்பிரெஸ்ஸோ’ பாடலுக்காகச் சிறந்த தனிப் பாடகருக்கான பாப் விருதும் சப்ரீனாவுக்கே கிடைத்தன. ஒன்பது ஆண்டுகளாக ஆல்பம் வெளியிட்டு வந்தவரைப் புதியவர் என்று அழைப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நான் விவாதிக்க விரும்புவது விருதைப் பற்றி அன்று. பென்சில்வேனியாவில் 1999இல் பிறந்த இவர், 2014 ஜூன் மாதம் டிஸ்னி சேனலில் ‘கேர்ள் மீட்ஸ் வேர்ல்ட்’ தொடங்கியபோது 15 வயதுப் பெண். அதில் மாயா ஹார்ட் என்ற தோழி வேடத்தில் மூன்று பருவங்கள், 72 அத்தியாயங்கள் நடித்தார். அந்தத் தொலைக்காட்சி வாழ்க்கை அவருடைய பாட்டு வாழ்க்கைக்கு ஏணியாக இருந்ததா, தளையாக இருந்ததா? ஏணி என்பதே என் கட்சி. நல்ல குரல் இருந்தும் ஒரு நிறுவனத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாதவர்கள் ஏராளம். இவருக்கோ தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்பே ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தமும் முதல் சிறு இசைத்தொகுப்பும் கைக்கு வந்துவிட்டன. மாற்றுக் கருத்து உடையவர்கள் எழுதலாம்.

எண்கணக்கன்

ஐயா, ஒப்பந்தம் கிடைத்ததற்குத் தொலைக்காட்சி காரணம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏணி என்றால் ஏறிக்கொண்டே போக வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பப் பட்டியலில் அவர் தொட்ட உயர்ந்த இடங்களை வரிசையாகப் பாருங்கள். 2015இல் ‘ஐஸ் வைட் ஓப்பன்’ 43ஆம் இடம். 2016இல் ‘எவல்யூஷன்’ 28. 2018இல் ‘சிங்குலர்: ஆக்ட் ஒன்’ 103. 2019இல் அதன் இரண்டாம் பகுதி 138.

முதல் இரண்டு ஆல்பங்களும் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது வந்தவை. தொடர் 2017 ஜனவரியில் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டும் நூறுக்கும் கீழே போய்விட்டன. தொலைக்காட்சி அவருக்கு ரசிகர்களைக் கொடுத்தது என்றால், அந்த ரசிகர்கள் தொலைக்காட்சியோடு சேர்ந்தே கிளம்பிப் போனார்கள் என்றுதான் இந்த எண்கள் சொல்கின்றன. இத்தனைக்கும் ‘சிங்குலர்’ மோசமான ஆல்பம் அன்று. என் கணிப்பில் அதற்கு முந்தைய இரண்டையும்விட அது நன்றாகவே இருக்கிறது.

நிலாமுற்றம்

எண்கணக்கன் தந்த வரிசைக்கு ஒரு பின்னணி தேவை. டிஸ்னி தயாரித்த பாடகர்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது.

ஹிலரி டஃப் ‘லிசி மெக்வயர்’ தொடரில் 65 அத்தியாயங்கள் நடித்தார். அந்தப் புகழின் சூடு ஆறுவதற்கு முன்பே, 2003இல், ‘மெட்டமார்ஃபசிஸ்’ ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. மைலி சைரஸுக்கு வழி இன்னும் நேரடியானது. 2006 மார்ச்சில் தொடங்கிய ‘ஹானா மோன்டானா’வின் கதையே ஒரு பாடகியின் இரட்டை வாழ்க்கைதான். கதைக்குள் அவர் பாடினார், அந்தப் பாட்டே இசைத்தட்டாக வந்தது, அதையே மேடையிலும் பாடினார். தொடரின் முதல் இசைத்தட்டு அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த வாரத்திலேயே முதலிடத்தைப் பிடித்தது. ஒவ்வோர் அத்தியாயமும் அரை மணி நேர விளம்பரமாகவே இருந்தது என்று சொன்னாலும் மிகையில்லை.

சப்ரீனா நடித்த தொடர் அப்படிப்பட்டது அன்று. அது 1993 முதல் 2000 வரை ஏபிசியில் ஓடிய ‘பாய் மீட்ஸ் வேர்ல்ட்’ தொடரின் அடுத்த தலைமுறைக் கதை. அதன் நாயகி ரைலி. அந்த வேடத்தில் ரோவன் பிளான்சர்ட் நடித்தார். மாயா படம் வரையும் பெண், வாய்த்துடுக்கு மிக்கவள், வீட்டில் கொஞ்சம் வறுமை. முகப்புப் பாடலை ரோவனும் சப்ரீனாவும் சேர்ந்து பாடியிருந்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் பாட்டு அந்தக் கதையின் உயிர் அன்று. ஆகவே அவர் இசைத்தட்டு வெளியிட்டபோது, பார்வையாளரின் கண்ணுக்கு அது ‘மாயாவாக நடிக்கும் பெண் பாட்டும் பாடுகிறாள்’ என்ற அளவில்தான் நின்றது.

இன்னொன்றும் உண்டு. டிஸ்னியிடம் தொலைக்காட்சி, இசை நிறுவனம், ரேடியோ டிஸ்னி என்ற வானொலி ஆகிய மூன்றும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஒலிக்கும் பாட்டு வெளியே உள்ள வானொலிகளை எட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2010களில் சிறுவர்கள் தொலைக்காட்சியை விட்டு யூடியூப் பக்கம் போகத் தொடங்கியதும் அந்த வீட்டின் சுவர்களே உதிர ஆரம்பித்தன. ரேடியோ டிஸ்னி 2021இல் மூடப்பட்டது.

பழைய கேசட்

நிலாமுற்றம் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. இருந்தாலும் என் தலைமுறையின் உதாரணம் ஒன்றை வைக்கிறேன். கைலி மினோக் 1986இல் ஆஸ்திரேலியாவின் ‘நெய்பர்ஸ்’ தொடரில் சார்லின் என்ற மெக்கானிக் பெண்ணாக நடிக்க வந்தவர். அதிலும் பாட்டுக்கு வேலையே கிடையாது. ஒரு கால்பந்துக் கழகத்துக்கு நிதி திரட்டும் விழாவில் சக நடிகர்களோடு பாடிய பழைய பாட்டான ‘தி லோகோமோஷன்’ 1987இல் தட்டாக வந்து, ஆஸ்திரேலியாவில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. அடுத்த ஆண்டு ‘ஐ ஷுட் பி சோ லக்கி’ பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம் வகித்தது. தொடர் பாடகியைப் பற்றியதாக இருந்தால்தான் பாட்டு எடுபடும் என்றால், கைலியின் கதையை எப்படி விளக்குவது?

நிலாமுற்றம்

நல்ல கேள்வி, ஐயா. ‘நெய்பர்ஸ்’ வாரநாள்தோறும் ஓடிய தொடர். பாட்டியும் பேத்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்தது. சார்லினின் திருமண அத்தியாயத்தை 1988இல் பிரிட்டனில் மட்டும் இரண்டு கோடிக்கு நெருக்கமானோர் பார்த்தார்கள். டிஸ்னி சேனலின் பார்வையாளர்களோ எட்டு வயது முதல் பதினான்கு வயதுக்குள் இருப்பவர்கள். அந்த வயதுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பதினைந்து வயது ஆனதும், பன்னிரண்டு வயதில் நேசித்தவற்றை எல்லாம் வெட்கத்தோடு மறைத்து வைத்துவிடுவார்கள். ஆகவே அந்தச் சேனலில் வளர்ந்த பாடகருக்கு எதிரி வெளியே இல்லை. தன்னோடு சேர்ந்து வளரும் ரசிகரே முதல் எதிரியாகிறார்.

தாளக்கட்டு

எல்லோரும் பார்வையாளரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச வருகிறேன்.

ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் டிஸ்னிக்குச் சொந்தமான நிறுவனம். டிஸ்னி தொடரில் நடித்துக்கொண்டே அங்கே பாடுகிறவருக்கு நடிப்பு முதலாளியும் டிஸ்னியே, இசை முதலாளியும் டிஸ்னியே. மைலி சைரஸ் 2013இல் ‘பேங்கர்ஸ்’ ஆல்பத்தை டிஸ்னியைச் சேராத ஆர்சிஏ நிறுவனத்தில் வெளியிட்டார். செலினா கோமஸும் 2014இல் இன்டர்ஸ்கோப் என்ற வெளி நிறுவனத்துக்குப் போனார். அரியானா கிராண்டேயோ நிக்கலோடியன் என்ற இன்னொரு சிறுவர் சேனலின் தொடர்களில் நடித்துக்கொண்டிருந்தபோதே ரிபப்ளிக் நிறுவனத்தில் பாடினார். 2013இல் வந்த முதல் ஆல்பமே முதலிடத்தைப் பிடித்தது. ஒலிவியா ரோட்ரிகோ இதையெல்லாம் பார்த்துப் படித்துக்கொண்டதுபோல நடந்துகொண்டார். டிஸ்னியின் ‘பிசார்ட்வார்க்’, பிறகு ‘ஹை ஸ்கூல் மியூசிக்கல்’ தொடர் ஆகியவற்றில் நடித்தாலும், ஒப்பந்தத்தை கெஃபன் நிறுவனத்தோடு செய்தார். 2021 ஜனவரியில் வந்த ‘டிரைவர்ஸ் லைசென்ஸ்’ நேராக ஹாட் 100 என்ற பில்போர்டின் தனிப்பாட்டுப் பட்டியலின் முதலிடத்தில் நுழைந்தது. 2022 கிராமியில் அவர் பெற்ற மூன்று விருதுகளில் ‘சிறந்த புதிய கலைஞர்’ விருதும் ஒன்று.

சப்ரீனாவும் அதே 2021 ஜனவரியில்தான் ஐலண்ட் ரெக்கார்ட்ஸுக்கு மாறினார். மாறிய கையோடு வந்த ‘ஸ்கின்’ என்ற பாட்டு 48ஆம் இடத்தை அடைந்தது. ஹாட் 100 பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது அதுவே முதல் முறை. ஏழு ஆண்டுகளாக நடக்காதது, வீடு மாறிய மாதத்திலேயே நடந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

மதியொளி

அண்ணா, ‘ஸ்கின்’ 48ஆம் இடம் வந்ததற்கு ஐலண்ட் நிறுவனம் மட்டும் காரணம் என்று எழுதியிருப்பது சரியில்லை. அந்த மாதம் முழுவதும் இணையத்தில் ஒலிவியாவின் ‘டிரைவர்ஸ் லைசென்ஸ்’ பாட்டு குறிப்பிடும் பெண் சப்ரீனாதானா என்ற வம்புதான் ஓடிக்கொண்டிருந்தது. ‘ஸ்கின்’ அதற்குப் பதில் என்று மக்களாகவே முடிவு கட்டிக் கேட்டார்கள். பாட்டு ஒரே ஒருவரைப் பற்றியது அன்று என்று சப்ரீனா அப்போதே விளக்கினார். அந்த விளக்கத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வம்பு கொடுத்த 48ஆம் இடத்தை நிறுவனத்தின் கணக்கில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எண்கணக்கன்

மதியொளி சொல்வதை எண்களும் ஆமோதிக்கின்றன. 2022 ஜூலையில் ஐலண்டில் வந்த ‘ஈமெயில்ஸ் ஐ கான்ட் சென்ட்’ ஆல்பம் 23ஆம் இடம்தான். பழைய நிறுவனத்தில் வந்த ‘எவல்யூஷன்’ தொட்ட 28ஐவிட ஐந்தே படி மேலே. வீடு மாறியதால் மட்டும் விடிந்துவிடவில்லை.

விடிந்தது எப்படி என்றால், மெதுவாகத்தான். அந்த ஆல்பத்தில் இருந்த ‘நான்சென்ஸ்’ ஹாட் 100இல் 56ஆம் இடம் வரை வந்தது. 2023இல் வந்த ‘ஃபெதர்’ 21 வரை ஏறியது; அமெரிக்கப் பாப் வானொலிப் பட்டியலில் முதலிடத்தையும் தொட்டது. 2023 ஆகஸ்டில் மெக்சிகோ நகரில் தொடங்கி அர்ஜென்டினா, பிரேசில், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என டெய்லர் ஸ்விஃப்டின் ‘ஈராஸ்’ இசைப் பயணத்தில், டெய்லர் மேடைக்கு வருவதற்கு முன்னதாகப் பாடினார். 2024 ஏப்ரலில் ‘எஸ்பிரெஸ்ஸோ’ வந்தது. அமெரிக்காவில் மூன்றாம் இடம், பிரிட்டனில் முதலிடம். ஜூனில் ‘ப்ளீஸ் ப்ளீஸ் ப்ளீஸ்’ ஹாட் 100இல் அவருக்கு முதல் முதலிடத்தைக் கொடுத்தது. ஆகஸ்ட் 23 அன்று ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’. முதல் வாரத்தில் 3,62,000 ஆல்ப அலகுகளோடு (விற்பனையும் இணையத்தில் கேட்பதும் சேர்ந்த கணக்கு) பில்போர்டு 200இன் முதலிடம்.

56, 21, 3, 1. இதை யாரும் லாட்டரி என்று சொல்ல முடியாது.

நிலாமுற்றம்

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இழையின் தொடக்கத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு ‘ஏணி’, ‘தளை’ இரண்டுமே சரியான விடை ஆகாது என்று நினைக்கிறேன்.

‘நான்சென்ஸ்’ எப்படிப் பரவியது என்பதை நினைத்துப் பாருங்கள். பாட்டின் இறுதியில் வரும் சில வரிகளை, மேடையில் ஒவ்வோர் ஊருக்கும் ஏற்ப, அந்த ஊரின் பெயரையே எதுகையில் வைத்து, குறும்பும் கொஞ்சம் விரசமும் கலந்து மாற்றி மாற்றிப் பாடினார். இன்று என்ன சொல்லப் போகிறார் என்பதற்காகவே கூட்டம் காத்திருந்தது. சொன்ன மறு நிமிடம் அது டிக்டாக்கில் இருந்தது. ஈராஸ் மேடையில், பெரும்பாலும் வேறொருவருக்காக வந்திருந்த கூட்டத்தின் முன்னும் அதையே செய்தார். அந்த வரிகள் எழுத்தில் படித்தால் சுமாரானவைதான். அவற்றைச் சிரிப்பாக மாற்றுவது அவர் எடுக்கும் நேரம்: கடைசிச் சொல்லுக்கு முன் அரை நொடி நிறுத்துவது, ஒன்றும் அறியாதவர்போல் முகத்தை வைத்துக்கொள்வது, கூட்டம் சிரித்து முடிக்கும்வரை அடுத்த அடியை எடுக்காமல் இருப்பது.

இதை எங்கே கற்றார்? சிரிப்பொலிக்கு இடம்விட்டு வசனம் பேசும் நகைச்சுவைத் தொடரில் 72 அத்தியாயங்கள் நடித்த இடத்தில்தான். அந்தத் தொடரில் நாயகிக்குக் கிடைத்தது உணர்ச்சி. பக்கத்தில் நின்ற மாயாவுக்குக் கிடைத்தது வெட்டிப் பேசும் ஒற்றை வரி. அந்த ஒற்றை வரியைத் துல்லியமாகப் போடுவதே பதினைந்து வயது முதல் பதினேழு வயது வரை அவருடைய அன்றாட வேலை. தொலைக்காட்சி கொடுத்த ரசிகர்கள் 2017இல் போய்விட்டார்கள், எண்கணக்கன் சொன்னதுபோலவே. கொடுத்த கைத்திறன் மட்டும் அவரிடமே தங்கிவிட்டது. ஆனால் அதை அவர் பாட்டுக்குள் கொண்டுவரவே இல்லை, ‘நான்சென்ஸ்’ வரை.

முதல் இரண்டு ஆல்பங்களைக் கேட்டால் ஒரு நல்ல பிள்ளையின் குரல் கேட்கிறது. ‘சிங்குலர்’ ஆல்பங்களில் அந்தக் காலத்து நடனப் பாட்டின் தன்னம்பிக்கைக் குரல். இரண்டிலும் பிழை சொல்ல ஒன்றுமில்லை. இன்னார் என்று அடையாளம் காணவும் ஒன்றுமில்லை. ‘எஸ்பிரெஸ்ஸோ’வையும் ‘ப்ளீஸ் ப்ளீஸ் ப்ளீஸ்’ பாட்டையும் கேட்கும்போது, காதலனைக் கெஞ்சுகிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று தெரியாத ஓர் இடத்தில் குரல் நிற்கிறது. நல்ல நகைச்சுவை நடிகர் நிற்கும் இடம் அது.

தாளக்கட்டு

அழகான வாதம், ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ ஆல்பத்தின் எல்லாப் பாட்டையும் அவரோடு சேர்ந்து எழுதியவர் ஏமி ஆலன். அதே 2025 கிராமியில் ஆண்டின் சிறந்த பாடலாசிரியர் விருது வாங்கியவர். ‘எஸ்பிரெஸ்ஸோ’வைத் தயாரித்தவர் ஜூலியன் புனெட்டா, ‘ப்ளீஸ் ப்ளீஸ் ப்ளீஸ்’ ஜாக் அன்டனாஃபின் தயாரிப்பு. இவ்வளவு கைதேர்ந்தவர்கள் உடன் இருக்கும்போது, பழைய தொடரின் வசன அனுபவத்துக்கு எவ்வளவு பங்கு தர முடியும்?

இரண்டாவது, அவர் பாட்டு எழுதுவது புதிது என்பதுபோல் ஒரு தொனி உங்கள் பதிவில் இருக்கிறது. ‘சிங்குலர்’ இரண்டு பகுதிகளிலும் அவர் பெயர் எழுத்தாளர் வரிசையில் உண்டு.

நிலாமுற்றம்

இரண்டாவதை முழுமையாக ஏற்கிறேன். அவர் முன்பே எழுதினார். எதை எழுத அவருக்கு இடம் இருந்தது என்பதே வேறுபாடு. ‘ஈமெயில்ஸ்’ ஆல்பத்தின் பெயரே, அனுப்பாமல் தனக்குத் தானே எழுதி வைத்த மின்னஞ்சல்களிலிருந்து வந்தது. தந்தை மீதான கோபத்தோடு தொடங்கும் ஓர் ஆல்பத்தைக் குழந்தைகள் சேனலின் இசை நிறுவனத்தில் கற்பனை செய்து பாருங்கள். அந்தக் கோபத்தை எழுதி இறக்கி வைத்த அதே தொகுப்பின் ஓர் ஓரத்தில்தான் ‘நான்சென்ஸ்’ என்ற விளையாட்டுப் பாட்டும் இருந்தது. அடுத்த ஆல்பம் முழுவதும் அந்த ஓரம் விரிந்து வந்ததுதான்.

முதலாவதற்கு என் பதில்: ஏமி ஆலன் வேறு பலருக்கும் எழுதியிருக்கிறார், அங்கே இந்தக் குறும்பு இந்த அளவில் இல்லை. ஒரு வரியை எழுத மூன்று பேர் இருக்கலாம். அதைச் சொல்ல ஒரே வாய்தான் இருக்கிறது.

மதியொளி

யாரும் தொடாத ஒரு செய்தி. 2020 மார்ச்சில் அவர் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் ‘மீன் கேர்ள்ஸ்’ இசை நாடகத்தில் கேடி என்ற பெயர் கொண்ட நாயகி வேடம் ஏற்றார். இரண்டே காட்சிகள் நடித்தார். பெருந்தொற்றால் எல்லா அரங்குகளும் மூடப்பட்டன. அந்த வேடம் ஓராண்டு ஓடியிருந்தால், அவர் மேடை நடிகையாகவே நிலைத்திருப்பாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ‘ஈமெயில்ஸ்’ ஆல்பத்துக்கு அடித்தளமான நாட்களில் அவர் நியூயார்க் மேடையில் வாரம் எட்டுக் காட்சி நடித்துக்கொண்டிருந்திருப்பார்.

தாளக்கட்டு

தங்கை சொல்வது உண்மைதான், ஆனால் ‘நடந்திருந்தால்’ என்பதற்குள் போனால் இந்த இழை முடியாது. நான் வேறு ஒன்றைக் கேட்கிறேன். பத்தாண்டு பயிற்சி பலன் தந்தது என்று நாம் எழுதுவதே, பலன் கிடைத்தவரைப் பற்றி மட்டும் பேசுவதால்தானே? அதே சேனலில், அதே நிறுவனத்தில் தட்டு வெளியிட்டு, இரண்டாவது ஆல்பத்தோடு கைவிடப்பட்ட எத்தனையோ பிள்ளைகளுக்கும் வசனம் பேசும் திறமை இருந்தது. அவர்களுக்கு 138ஆம் இடத்துக்குப் பிறகு இன்னோர் ஆல்பம் கிடைக்கவில்லை. சப்ரீனாவுக்குக் கிடைத்தது. திறமையைவிட, தோற்ற பிறகும் ஒருவர் ஒப்பந்தம் நீட்டியதுதான் இங்கே அரிதான நிகழ்வு.

பழைய கேசட்

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். தாளக்கட்டு சொன்ன அந்த இரண்டாம் ஒப்பந்தம் ஏன் கிடைத்தது என்று யோசித்தேன். அந்த இடைவெளியில் அவர் நடிப்பை விடவில்லை. 2018இல் ‘தி ஹேட் யூ கிவ்’, 2019இல் ‘டால் கேர்ள்’, 2020இல் ‘வொர்க் இட்’ எனப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. பாட்டு விற்காத ஆண்டுகளில் முகத்தை மறக்கவிடாமல் காத்தது நடிப்பு. ஏணி என்று நான் சொன்னது தவறாக இருக்கலாம். ஏறும்போது வழுக்கினால் தாங்கிக்கொள்ளும் வலை என்று சொன்னால் நிலாமுற்றமும் எண்கணக்கனும் ஒப்புவார்கள் என்று நம்புகிறேன்.

‘புதிய கலைஞர்’ விவகாரத்திலும் என் கேலியைத் திரும்பப் பெறுகிறேன். கிராமி அமைப்பு முதல் ஆல்பம் வந்த ஆண்டைப் பார்ப்பதில்லை. ஒருவர் பொதுமக்களின் கவனத்தில் பதிந்த ஆண்டையே பார்க்கிறது. முன்பு இத்தனை பாட்டுக்கு மேல் வெளியிட்டிருக்கக் கூடாது என்ற வரம்பு இருந்தது. அதையும் 2020இல் எடுத்துவிட்டார்கள். அந்த வரம்பு நீடித்திருந்தால் இவர் பெயர் பட்டியலிலேயே வந்திருக்காது.

எண்கணக்கன்

வலை என்பதை நான் ஒப்புகிறேன், ஐயா. கணக்கை நிறைவு செய்ய இரண்டு எண்கள் மட்டும். 2025 ஜூனில் ‘மேன்சைல்ட்’ வெளிவந்த வாரத்திலேயே ஹாட் 100இன் முதலிடத்தில் நுழைந்தது. ஆகஸ்ட் 29 அன்று ஏழாவது ஆல்பமான ‘மேன்ஸ் பெஸ்ட் ஃபிரெண்ட்’ வந்து அதுவும் முதலிடம் பிடித்தது. நேற்று இரவு 138ஆம் இடத்து ‘ஆக்ட் டூ’வை முதலிலிருந்து மீண்டும் கேட்டேன். நிலாமுற்றம் சொல்லும் அந்த அரை நொடி நிறுத்தம் அதிலேயே இரண்டு மூன்று இடங்களில் எட்டிப் பார்க்கிறது, பின்னணித் தாளம்தான் அதை விழுங்கிவிடுகிறது. எந்தெந்தப் பாட்டு என்று நான் சொல்லப் போவதில்லை. கேட்டுவிட்டு நீங்களே வந்து எழுதுங்கள்.